ஓட்ட வேந்தர் நூர்மி

பெருமக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர்தம் வெற்றிகளையே அடுக்கிக் கூறிச் செல்வர். அவ்வெற்றிகளுக்கு அருமை தந்த எதிரிகளைப் பற்றி ஓரிரு சொற்களோடு அமைந்துவிடுவர். பொன்னின் மாற்றை அறிவிப்பது உரைகல். அக்கல்லை எவரும் அணியாகப் பூணுவதில்லை. ஆயினும் அஃதின்றிப் பொன்னின் தரத்தைத் துணிதல் இயலாது. பின்லாந்து நாட்டு நெடுந்தூர ஓட்ட வீரராகிய பாவோ நூர்மி என்பாரின் வாழ்க்கையை நோக்குவார்க்கு இவ்வுண்மை நன்கு புலனாகும். 1920, 1924, 1928 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று ஒலிம்பிக் பந்தயங்களிலே ஒன்பது பொற்பதக்கங்களும் மூன்று வெள்ளிப் பதக்கங்களும் பெற்றவர் அவர். அப்பொன்னை உரைத்துக் காட்டிய கல்லாய் விளங்கியவர் அவர் நாட்டினரேயாகிய வில்லே ரித்தோலா என்பவர். முன்னவர் பெயரை உலகம் அறியும். பின்னவர் பெயரை அறிந்தார் சிலரே. ஆகலின் நூர்மியின் வரலாற்றைக் கூற எடுத்துக்கொண்ட இக்கட்டுரை, ரித்தோலாவையும் உடன் வைத்தே கூறுகின்றது.

பிறப்பும் இளமையும்

பின்லாந்து ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள ஒரு சிறு நாடு. ஏரிகளும் ஊசியிலைக் காடுகளும் நிறைந்தது. ஆண்டிற் பல திங்கள் பனியால் மூடப்பெறுவது. நூர்மி பிறந்த காலத்தில் அது ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நாட்டின் தென்மேற்குக் கரையிலுள்ள துர்க்கு நகரில் 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழில் செய்து குடும்பத்தைக் காத்து வந்தார். 1910-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டில் தங்கை ஒருத்தியும் மறைந்தாள். வறுமை மிகவே, தாயார் தம் சிறு வீட்டின் சமையலறையையும் வாடகைக்கு விட்டு, எஞ்சிய ஓர் அறையில் மக்களோடு ஒடுங்கி வாழ்ந்தார்.

படிப்பில் வல்லவராயிருந்தும் நூர்மி பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே ஒரு ரொட்டிக் கடையில் ஏவலாளாக அமர்ந்தார். பாரம் ஏற்றிய தள்ளுவண்டியைத் துர்க்கு நகரின் செங்குத்தான சாலைகளில் ஏற்றிச் செல்வது அவர் அன்றாடப் பணி. தம் கால்களும் முதுகும் உரம் பெற்றது அவ்வண்டியினாலேயே என்று பிற்காலத்தில் அவர் கருதினார். பயிற்சி ஆசிரியர் ஒருவரும் அவருக்கு வாய்க்கவில்லை. வயிற்றுப் பிழைப்பிற்காகத் தள்ளிய வண்டியே அவருக்கு முதல் ஆசானாயிற்று.

1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தன. பின்லாந்து வீரர் ஹன்னெஸ் கோலெமைனென் அங்கே மூன்று பொற்பதக்கங்கள் வென்றார். அவற்றுள் 5,000 மீட்டர் ஓட்டம் என்றும் நினைவு கூரத்தக்கது. பிரெஞ்சு வீரர் ழான் பூவாங் என்பாரும் கோலெமைனெனும் ஏனையோரை நெடுந்தொலைவு பின்னே விட்டுத் தனித்தோடினர். கோலெமைனென் பலமுறை முந்த முயன்றும் பூவாங் இடங்கொடுத்திலர். இறுதியிற் சில அடிகளே எஞ்சியிருந்தபோது கோலெமைனென் அவரைக் கடந்தார். வென்றவரின் காலம் 14 நிமிடம் 36.6 விநாடி, தோற்றவரின் காலம் 14 நிமிடம் 36.7 விநாடி. அதற்குமுன் அத்தூரத்தைப் பதினைந்து நிமிடத்திற்குள் ஓடினார் எவருமிலர். அன்றோ இருவர் ஒருங்கே அவ்வெல்லையைக் கடந்தனர். தனித்து ஓடியிருப்பின் இருவருள் ஒருவரும் அதனைச் செய்திருப்பாரோ என்பது ஐயமே. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் மூண்ட பெரும்போரிலே பூவாங் களத்தில் உயிர் நீத்தார்.

இவ்வெற்றிச் செய்தி துர்க்கு நகரில் வண்டி தள்ளிக்கொண்டிருந்த பதினைந்து வயதுச் சிறுவரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. சில நாட்களுக்குள் நூர்மி தம் வாழ்வில் முதன்முதலாக ஓட்டத்திற்குரிய காலணி ஒன்று வாங்கினார். கோடையில் ஓடுவதும், பனிக்காலத்தில் நெடுந்தூரம் நடப்பதும் சறுக்குக்கட்டை பூண்டு செல்வதும் அவர் வழக்கமாயின. 1914-இல் துர்க்கு விளையாட்டுச் சங்கத்திற் சேர்ந்து, அவ்வாண்டு மே மாதத்தில் 3,000 மீட்டர் பந்தயம் ஒன்றில் தம் முதல் வெற்றியை எய்தினார்.

படைவாழ்வும் ஆண்ட்வெர்ப்பும்

1917-ஆம் ஆண்டு டிசம்பரில் பின்லாந்து விடுதலை பெற்றது. 1919-இல் நூர்மி படைப்பணியில் அமர்ந்தார். அங்கே துப்பாக்கியும் தோட்டாக் கச்சையும் மணல் மூட்டையும் சுமந்து இருபது கிலோமீட்டர் செல்லும் போட்டி ஒன்று நடந்தது. மற்றையோர் நடந்து சென்ற வழியை நூர்மி முழுவதும் ஓடியே கடந்தார். அவர் மிக விரைவில் வந்து சேர்ந்தமையால், குறுக்கு வழியிற் புகுந்தாரோ என்று மேலதிகாரிகள் சிலர் ஐயுற்றனராம்.

1920-இல் பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தபோது நூர்மிக்கு வயது இருபத்து மூன்று. 5,000 மீட்டர் ஓட்டத்தில் அவர் முன்னின்று விரைந்து ஓடினார். போரில் நச்சுப் புகையால் நுரையீரல் புண்பட்டிருந்த பிரெஞ்சு வீரர் ஜோசப் கியேமோ, நிழல்போற் பின்தொடர்ந்து வந்து இறுதியில் அவரை முந்தினார். நூர்மிக்கு வெள்ளிப் பதக்கமே கிடைத்தது. மூன்று நாட்களுக்குப் பின் நிகழ்ந்த 10,000 மீட்டர் ஓட்டத்தில் நூர்மி அப்பாடத்தைப் பயன்படுத்தினார். முன்னிற்பதைப் பிறருக்கு விட்டுப் பின்னே பொறுத்திருந்து, கடைசிச் சுற்றில் கியேமோவைக் கடந்து பொற்பதக்கம் வென்றார். மேடு பள்ளங்களும் புதர்களும் நிறைந்த வெளியில் ஓடும் நாட்டுப்புற ஓட்டத்திலும் முதலிடம் பெற்றார்; அவ்வோட்டத்தின் குழுப் பரிசும் பின்லாந்துக்கே கிடைத்தது. அயல்நாட்டார் ஒருவர் ஒலிம்பிக் களத்தில் நூர்மியை வென்றது அந்த 5,000 மீட்டர் ஓட்டம் ஒன்றிலேதான். அதன்பின் அக்களத்தில் அவரை வென்றவர் இருவர். அவ்விருவரும் பின்லாந்து நாட்டினரே.

கையிற் கொண்ட கடிகாரம்

அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் நூர்மி ஓட்டத்தை ஒரு கணித நூல் போல ஆராயலானார். தொடக்கத்தில் மிக விரைந்தோடுபவன் தன் ஆற்றலை முன்னரே செலவழித்து இறுதியில் தளர்கின்றான். தொடக்கத்தில் மெல்ல ஓடுபவன் இழந்த காலத்தை ஈடுசெய்ய இயலாது தவிக்கின்றான். ஒவ்வொரு சுற்றையும் ஒரே அளவான காலத்தில் ஓடுவதே உடலின் ஆற்றலை வீணாக்காது பயன்கொள்ளும் முறை எனக் கண்டார். அதன்பொருட்டு ஓட்டத்தை அளக்கும் சிறு கடிகாரம் ஒன்றைக் கையிற் கொண்டே ஓடினார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதனை நோக்குவார், வேகம் குறைந்திருப்பின் சிறிது கூட்டுவார், மிகுந்திருப்பின் அடக்குவார். பக்கத்தில் ஓடுவோர் முந்தினாலும் பிந்தினாலும் திரும்பிப் பாரார். வெற்றியிலும் அவர் முகத்தில் மகிழ்ச்சிக் குறி தோன்றுவது அரிது. பேச்சும் மிகச் சுருக்கம்.

இம்முறையால் அவர் எய்திய பயன் பெரிது. 1921-இல் 10,000 மீட்டரை 30 நிமிடம் 40.2 விநாடியில் ஓடி, ழான் பூவாங் நிறுவியிருந்த உலகச் சாதனையைக் கடந்தார். 1922-இல் 2,000, 3,000, 5,000 மீட்டர்ச் சாதனைகள் அவர் வசமாயின. 1923-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் வீரர் எட்வின் வீடே என்பாரை எதிர்த்து, ஒரு மைலை 4 நிமிடம் 10.4 விநாடியில் ஓடினார். ஒரு மைல், 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய மூன்றின் உலகச் சாதனைகளையும் ஒரே காலத்தில் தம்மிடங் கொண்ட வீரர் அவரே. தமக்கு நிகரான மனிதர் எவருமிலர், காலம் ஒன்றே தமக்கு எதிரி என்று அவர் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

கடல் கடந்து வந்த எதிரி

காலத்தை மட்டுமே எதிரியாகக் கொண்ட அவ்வீரருக்கு மனித எதிரி ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்தார். வில்லே ரித்தோலா 1896-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் பின்லாந்தின் பெரசெய்னயோக்கி என்னும் சிற்றூரில் பிறந்தவர். நூர்மிக்கு ஓராண்டும் சில திங்களும் மூத்தவர். 1913-இல், பதினேழாம் வயதில், பிழைப்பு நாடி அமெரிக்கா சென்று அங்கே தச்சுத் தொழில் செய்து வந்தார். தச்சரின் மகன் ஒருவர், தச்சர் ஒருவர் என இவ்விருவரும் உழைப்பாளர் குலத்தினரே.

இருபது வயதைக் கடந்த பின்னரே ரித்தோலா ஓட்டப் பயிற்சியைத் தொடங்கினார். நியூயார்க் நகரில் குடியேறிய பின்லாந்து மக்கள் நடத்திய விளையாட்டுச் சங்கமே அவருக்குப் பயிற்சிக் களம். நூர்மியின் உள்ளத்தில் ஓட்ட ஆர்வத்தை விதைத்த கோலெமைனெனும் அச்சங்கத்திலேயே இருந்தார். 1920-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்திற்குச் செல்லுமாறு அவர் தூண்டியும், தமக்கு இன்னும் தகுதி வரவில்லை எனக் கருதி ரித்தோலா பின்வாங்கினார். பகல் முழுவதும் உளியும் இழைப்புளியும் பிடித்து உழைத்து, எஞ்சிய நேரத்தில் ஓடி, நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1924-ஆம் ஆண்டு மே மாதம் தாய்நாடு திரும்பி, ஹெல்சிங்கி நகரில் 10,000 மீட்டரை 30 நிமிடம் 35.4 விநாடியில் ஓடினார். நூர்மியின் உலகச் சாதனை ஒன்று வீழ்ந்தது.

பாரிஸ், 1924

அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் 1,500 மீட்டர், 5,000 மீட்டர் ஆகிய இரண்டின் இறுதி ஓட்டங்களும் ஒரே நாளில், மிகக் குறுகிய இடைவெளியில் நிகழுமாறு வகுக்கப்பட்டிருந்தன. அஃது இயலுமா எனத் தம்மைத் தாமே சோதிக்கக் கருதிய நூர்மி, ஜூன் 19-ஆம் நாள் ஹெல்சிங்கியில் ஒரு மணி நேர இடைவெளியில் அவ்விரு தூரங்களையும் ஓடினார். 1,500 மீட்டருக்கு 3 நிமிடம் 52.6 விநாடி, 5,000 மீட்டருக்கு 14 நிமிடம் 28.2 விநாடி. இரண்டும் உலகச் சாதனைகள். ஆயினும் பின்லாந்து அதிகாரிகள், அவர் உடல்நலங் கருதி, 10,000 மீட்டர் ஓட்டத்தில் அவரைச் சேர்க்க மறுத்தனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் வென்ற பட்டத்தைக் காக்கும் உரிமை களத்தில் அன்றி ஒரு மேசையின்மேல் பறிக்கப்பட்டதை நூர்மி மன்னிக்கவில்லை.

ஜூலை 6-ஆம் நாள் நூர்மி இல்லாத அவ்வோட்டத்தில் ரித்தோலா 30 நிமிடம் 23.2 விநாடியில் ஓடி, தம் சாதனையைத் தாமே கடந்து பொற்பதக்கம் வென்றார். மூன்று நாட்களுக்குப் பின் தடைகளும் நீர்க்குழியும் தாண்டும் 3,000 மீட்டர் ஓட்டத்திலும் அவரே முதல்வர். இப்போது இருவரும் எதிர்நிற்கும் நாள் வந்தது.

ஜூலை 10-ஆம் நாள் நூர்மி முதலில் 1,500 மீட்டர் ஓட்டத்தை எளிதில் வென்றார். இரண்டு மணி நேரமும் செல்லாமுன் 5,000 மீட்டர் ஓட்டத்திற்கு வந்து நின்றார். அவர் களைத்திருப்பார் என்று ரித்தோலாவும் எட்வின் வீடேயும் எண்ணினர். தொடக்கத்திலேயே உலகச் சாதனைக்குரிய வேகத்தில் ஓடி அவரை அடியோடு தளர்த்திவிடுவது அவர்தம் சூழ்ச்சி. நூர்மியோ தம் வழக்கப்படி கையிலிருந்த கடிகாரத்தை நோக்கி அளவோடு ஓடினார். முன்னவர்கள் அகன்று சென்றனர். சுற்றுகள் கழிந்தன. அவர் மெல்ல மெல்ல அவ்விருவரையும் எட்டிப் பிடித்தார். ஆயினும் அவர்கள் தளரவில்லை. இன்று தாம் ஓடுவது காலத்தோடு அன்று, இவ்விரு மனிதரோடு என்பதை அவர் அப்போது உணர்ந்தார் போலும். கையிலிருந்த கடிகாரத்தைப் புல்தரையில் எறிந்தார்.

நூர்மியின் வாழ்வில் யான் மிகப் பெரிதாகக் கருதுவது இந்நிகழ்ச்சியே. சுற்றுக்கு எத்துணை விநாடி என்பதைக் கடிகாரம் சொல்லும். பக்கத்தில் ஓடுபவனிடம் இன்னும் எத்துணை ஆற்றல் எஞ்சியிருக்கிறது என்பதை அது சொல்லாது. பல ஆண்டுகளாகத் தாம் நம்பியிருந்த முறையை ஒரு கணத்தில் கைவிட்டு, எதிரியின் மூச்சையும் அடியோசையையும் கேட்டு ஓட வேண்டிய நிலைக்கு ரித்தோலா அவரைக் கொணர்ந்தார். வீடே பின்தங்கினார். பின்லாந்து வீரர் இருவருமே எஞ்சினர். இறுதி நேர்வழியில் ரித்தோலா வெளிப்புறமாகப் பாய்ந்து முந்த முயன்றார்; நூர்மி தாமும் வேகத்தைக் கூட்டி, ஓரடி இரண்டடி இடைவெளியை விட்டுக்கொடாது எல்லையைத் தொட்டார். நூர்மியின் காலம் 14 நிமிடம் 31.2 விநாடி, ரித்தோலாவின் காலம் 14 நிமிடம் 31.4 விநாடி. கண் இமைத்துத் திறக்கும் பொழுதே இருவருக்கும் இடையே நின்ற வேற்றுமை.

ஜூலை 12-ஆம் நாள் நாட்டுப்புற ஓட்டம் நிகழ்ந்தது. அன்று பாரிஸில் வெப்பம் 40 பாகைக்கு மேல் ஏறியிருந்தது. ஓடத் தொடங்கியவர் முப்பத்தெண்மர். ஓடி முடித்தவர் பதினைவரே. வழியில் வீழ்ந்தவர் பலர். தூக்கிச் செல்லப்பட்டவர் சிலர். நூர்மி சோர்வின் குறி ஏதுமின்றி முதலிற் களத்துள் நுழைந்தார். அவருக்கு ஒன்றரை நிமிடத்திற்குச் சற்றே குறைந்த இடைவெளியில் ரித்தோலா இரண்டாமவராக வந்தார். குழுப் பரிசு பெற மூன்றாம் பின்லாந்து வீரர் ஒருவரும் ஓடி முடித்தல் வேண்டும். லீமத்தைனென் என்பார் நினைவு தடுமாறித் தள்ளாடியவாறே பன்னிரண்டாமவராக எல்லையைக் கடந்து அப்பரிசைக் காத்தார். அடுத்த நாளே 3,000 மீட்டர்க் குழு ஓட்டம். அதிலும் நூர்மி முன்னும் ரித்தோலா அடுத்தும் வந்து தம் நாட்டிற்குப் பொற்பதக்கம் ஈட்டினர். தனி ஓட்டத்தில் எதிரிகளாய் நின்ற அவ்விருவரும் குழு ஓட்டத்தில் ஒரே நுகத்திற் பூட்டிய இரு காளைகளாயினர்.

நூர்மி ஐந்து பொற்பதக்கங்களோடு திரும்பினார். ரித்தோலாவோ எட்டு நாட்களுக்குள் நான்கு பொற்பதக்கங்களும் இரண்டு வெள்ளிப் பதக்கங்களும் பெற்றார். அவ்விரண்டு வெள்ளியும் நூர்மி ஒருவருக்குப் பின்னே வந்தமையால் கிடைத்தவை. வேறு எக்காலத்தில் ஓடியிருப்பினும் அவரே ஓட்ட வேந்தர் எனப் பெயர் பெற்றிருப்பார்.

10,000 மீட்டரிலிருந்து விலக்கப்பட்ட வடு நூர்மியின் உள்ளத்தில் ஆறவில்லை. ஆகஸ்டு 31-ஆம் நாள் குவோப்பியோ நகரில் அத்தூரத்தை 30 நிமிடம் 6.2 விநாடியில் ஓடினார். ரித்தோலா பாரிஸில் நிறுவிய சாதனை முழுப் பதினேழு விநாடி குறைந்தது. 1937 வரை எவராலும் அதனை அசைக்க முடியவில்லை. அவ்வோட்டத்திற்கு வேகம் ஊட்டியது பாரிஸில் ரித்தோலா விட்டுச் சென்ற அளவே அன்றோ?

அமெரிக்கப் பயணமும் ஆம்ஸ்டர்டாமும்

1925-இல் நூர்மி அமெரிக்கா சென்று, ஐந்து மாதங்களில் ஐம்பத்தைந்து பந்தயங்களில் ஓடி ஐம்பத்தொன்றில் வென்றார். அவற்றுட் பெரும்பாலான கூரையிட்ட மண்டபங்களில் நிகழ்ந்தவை. ஜனவரி 6-ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த முதற் பந்தய விழாவிலேயே ஒரு மைல் ஓட்டத்தில் அமெரிக்க வீரர்களை வென்று, அன்றிரவே 5,000 மீட்டரில் ரித்தோலாவை அவர் வாழ்ந்த நகரிலேயே வென்றார். ரித்தோலாவோ பந்தயம் முடிந்ததும் தம் தச்சுப் பட்டறைக்குத் திரும்ப வேண்டியவர்.

1928-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் இருவரும் மீண்டும் எதிர்நின்றனர். நூர்மிக்கு வயது முப்பத்தொன்று; ரித்தோலாவுக்கு முப்பத்திரண்டு. 10,000 மீட்டர் ஓட்டத்தில் பாரிஸில் நிகழாத போர் இங்கே நிகழ்ந்தது. ஏனையோர் அனைவரும் பின்தங்க, இருவரும் இறுதிவரை ஒட்டியே ஓடினர். கடைசி நேர்வழியில் நூர்மி முந்தினார். அவர் காலம் 30 நிமிடம் 18.8 விநாடி, ரித்தோலாவின் காலம் 30 நிமிடம் 19.4 விநாடி. மூன்றாமவராகிய வீடே வந்து சேர்வதற்கு மேலும் நாற்பது விநாடிக்கு மேலாயிற்று. இது நூர்மியின் ஒன்பதாம் பொற்பதக்கம். அதுவே கடைசியும் ஆயிற்று.

பின்னர்த் தடைதாண்டும் ஓட்டத்தின் முதற்கட்டத்தில் நூர்மி நீர்க்குழியில் வழுக்கி வீழ்ந்து அடிபட்டார். பிரெஞ்சு வீரர் தூக்கேன் என்பார் தம் ஓட்டத்தை நிறுத்தி அவரைத் தூக்கிவிட்டார். நூர்மி அவரைத் தம்மோடு அழைத்துக்கொண்டு முன்னோடிய அனைவரையும் கடந்து, முதலிடத்தை அவருக்கே விட்டுக்கொடுக்க முயன்றார். அந்நற்பண்பாளர் அதனை ஏற்க மறுத்தார். முகத்தில் உணர்ச்சி காட்டாதவர் என்று பலராலும் கூறப்பட்ட நூர்மியின் அகத்தை இச்செயல் காட்டுகின்றது.

ஆகஸ்டு 3-ஆம் நாள் 5,000 மீட்டர் இறுதி ஓட்டம். பாரிஸில் நிகழ்ந்ததைப் போன்றே இங்கும் அவ்விருவரும் முன்னே ஓடினர். கடைசி வளைவில் ரித்தோலா வேகத்தைக் கூட்டினார். இம்முறை நூர்மியிடம் அதற்கு எதிர்கொடுக்க ஆற்றல் இல்லை. ரித்தோலா 14 நிமிடம் 38 விநாடியில் எல்லையைக் கடந்தார்; இரண்டு விநாடி கழித்து நூர்மி, வீடேயை மயிரிழையில் தடுத்து, இரண்டாமவராக வந்தார். நான்கு ஆண்டுகளாக விநாடியின் சிறு கூறுகளால் பின்தங்கியிருந்த தச்சர், முடிவில் ஒருமுறை முன்னே வந்தார். அடுத்த நாளே தடைதாண்டும் ஓட்டத்தின் இறுதி. ரித்தோலா இடையில் விலகினார். நூர்மியோ அடிபட்ட உடலோடு ஓடி, லோவுக்கோலா என்னும் தம் நாட்டினருக்கு அடுத்து இரண்டாமவரானார். தோற்ற மறுநாளே தமக்குப் பழக்கமில்லாத ஓட்டத்தில் மீண்டும் நின்ற அந்நூர்மி, ஒன்பது பதக்கம் வென்ற நூர்மியினும் சிறியர் அல்லர்.

விலக்கும் பிற்காலமும்

ஆம்ஸ்டர்டாமுக்குப் பின் ரித்தோலா பெரும் பந்தயங்களிலிருந்து ஒதுங்கினார். நூர்மி தொடர்ந்து ஓடினார். 1928 அக்டோபரில் பெர்லின் நகரில் ஒரு மணி நேரத்தில் 19,210 மீட்டர் ஓடி உலகச் சாதனை நிறுவினார். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் மாரத்தான் ஓட்டத்தை வென்று, கோலெமைனென் 1920-இல் பெற்ற புகழைத் தாமும் பெற்று ஓய்வதே அவர் கருத்து. ஆனால் ஜெர்மனியில் ஓடியபோது விதிக்கு மேற்பட்ட செலவுத் தொகை பெற்றார் என்று குற்றஞ்சாட்டி, அனைத்துலக மெய்வல்லுநர் சங்கத்தார் அவரை விலக்கி வைத்தனர். மாரத்தான் ஓட்டத்திற்கு வந்திருந்த பிற நாட்டு வீரர் பெரும்பாலோர் அவருக்காக விண்ணப்பித்தும் பயன் விளையவில்லை. தம்மை வெல்லக் கூடியவரே களத்திலிருக்க வேண்டும் என்று அவ்வீரர்கள் விழைந்தது எண்ணி மகிழத்தக்கது. 1934 செப்டம்பரில் வீப்புரி நகரில் 10,000 மீட்டர் ஓட்டம் ஒன்றை வென்று நூர்மி ஓய்வு பெற்றார். அத்தூரத்தில் தம் பதினான்கு ஆண்டுக் காலத்தில் அவர் ஒருவருக்கும் தோற்றதில்லை.

பின்னர் ஆடவர் ஆடைக் கடை ஒன்று நடத்தினார். கட்டட ஒப்பந்தத் தொழிலிற் பெரும் பொருள் ஈட்டினார். 1939-இன் இறுதியில் சோவியத் நாடு பின்லாந்தின்மேற் படையெடுத்தபோது, நாட்டிற்கு நிதி திரட்டும்பொருட்டு இளைய வீரர் தைஸ்தோ மாக்கியோடு அமெரிக்கா சென்றார். 1952-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் விழாத் தொடங்கியது. தீப்பந்தம் ஏந்தி வருபவர் யார் என்பது அதுவரை மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஐம்பத்தைந்து வயதான நூர்மி மழையினூடே களத்துள் ஓடி வந்தபோது மக்கள் ஆர்ப்பரித்தனர். அணிவகுத்து நின்ற பிற நாட்டு வீரர்கள் வரிசை குலைந்து அவரைக் காண ஓடினர். அவர் களத்திலிருந்த கொப்பரையில் தீ மூட்டினார். கோபுரத்தின் உச்சியிலிருந்த கொப்பரையில் தீ மூட்டியவர் கோலெமைனென். தம் இளமைக் காலத்து வழிகாட்டியோடு அப்பெருமையைப் பகிரும் பேறு அவருக்கு வாய்த்தது.

முதுமையில் இதய நோயும் பக்கவாதமும் அவரை வருத்தின. உலகம் வியந்த கால்கள் நடையிழந்தன. 1968-இல் இதய நோய் ஆராய்ச்சிக்கென ஓர் அறநிலையம் நிறுவினார். 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஹெல்சிங்கியில் காலமானார். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நிகழ்ந்தது. உடல் பிறந்த நகரமாகிய துர்க்குவில் அடக்கம் செய்யப்பட்டது. ரித்தோலா ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அயல்நாட்டில் உழைத்து வாழ்ந்து, 1971-இல் தாய்நாடு திரும்பினார். 1982 ஏப்ரல் 24-ஆம் நாள் ஹெல்சிங்கியிலேயே உயிர் நீத்தார்.

முடிவுரை

மாணவ நண்பர்களே, விளையாட்டு விழாக்களில் முதல்வனைத் தோள்மேற் சுமக்கிறோம். அவனுக்கு அரையடி பின்னே வந்தவன் மூச்சிரைக்கத் தனியே நிற்பதை நோக்குவாரில்லை. தேர்விலும் அவ்வாறே. ஓரிரு எண்களால் முதலிடம் இழந்தவனை மறுநாளே மறந்துவிடுகிறோம். தன்னை நெருங்கி வருபவனைப் பகைவனென்று எண்ணி அவன் முகம் பாராதிருக்கும் மாணவரும் உண்டு. 1924-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் பாரிஸில் ரித்தோலா ஓடாதிருப்பின், நூர்மி கடிகாரத்தை நோக்கியவாறே ஓடி, அதே பொற்பதக்கத்தைப் பெற்றுத் திரும்பியிருப்பார். அக்கடிகாரத்தை எறிந்துவிட்டு ஓடக்கூடிய வீரர் ஒருவர் தமக்குள்ளே இருந்தார் என்பதை அவரும் அறிந்திரார், உலகமும் அறிந்திராது. அதனை அறிவித்தவர் விநாடியின் ஐந்தில் ஒரு கூறு பின்னே வந்த தச்சர். ஆகலின் நூர்மியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ரித்தோலாவின் பெயரையும் உடன் சொல்லுதல் முறையாகும். நம் பக்கத்தில் ஓடுபவனுக்கும் அவ்வாறே நன்றி பாராட்டுதல் நம் கடனாகும்.